ஒரே தேதிக்காரர்கள்: சேர்ந்து கொண்டாடும் பிறந்தநாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கும் என் சித்திக்கும் பிறந்தநாள் ஒன்றுதான்: நவம்பர் 1. நான் குழித்துறையில் இருக்கிறேன். சித்தி கேரளத்துப் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவர். நடுவில் களியக்காவிளை சோதனைச்சாவடி, அரைமணி நேரப் பஸ் பயணம், ஒரு மாநில எல்லை. சில ஆண்டுகளாக அன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அதே தேதியில் என்றோ எங்கோ நடந்த ஒன்றை ஆளுக்கொருவராகச் சொல்லி முடித்த பிறகுதான் கேக்கில் கத்தி வைப்பது. இருவராகத் தொடங்கியது, தெருவில் ஒருவர், சித்தியின் பள்ளியில் இருவர் என்று அதே தேதிக்காரர்கள் சேர்ந்து இப்போது ஐந்து பேர்.

கேள்விப்பட்டவர்கள் தங்கள் தேதிக்கும் இப்படிச் செய்ய வழி கேட்கிறார்கள். சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கல்யாண வீட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் நின்று திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

பிறந்தநாள் என்றால் கேக், பாயசம். அதில் சரித்திரத்துக்கு என்ன வேலை?

ஒருவருக்கு மட்டும் பிறந்தநாள் என்றால் ஒரு வேலையும் இல்லை. இருவருக்கு ஒரே நாள் என்றால்தான் சிக்கல். நான் சிறுவனாக இருந்தவரை கேக்கில் என் பெயர் மட்டும் இருக்கும். சித்திக்கு ஓரத்துத் துண்டு கிடைக்கும். பிறகு இருவர் பெயரையும் எழுதச் சொன்னோம். கடைக்காரர் என் பெயரைப் பெரிதாக எழுதி, சித்தியின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். தேதியை நடுவில் வைத்த பிறகுதான் அது இருவருக்கும் பொதுச் சொத்தாயிற்று. யாரை முதலில் வாழ்த்துவது என்ற பேச்சே இப்போது எழுவதில்லை.

எத்தனை நிகழ்ச்சி வேண்டும்?

மூன்று போதும், ஐந்தைத் தாண்டக் கூடாது. முதல் ஆண்டு நான் முப்பத்தோரு வரி அச்சடித்துக்கொண்டு போனேன். பத்தாவது வரியில் சித்தப்பா தூங்கிவிட்டார்.

எங்கள் கணக்கு எளியது: ஊருக்குப் பக்கத்தில் ஒன்று, நாட்டில் ஒன்று, தூரத்தில் ஒன்று. நவம்பர் 1-க்குத் தூரத்தில் உள்ளது 1755-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கம். அன்று கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாள். மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூமி ஆடியது. பிறகு கடல் பொங்கியது. மிஞ்சியதைத் தீ தின்றது. நாட்டில் நடந்தது 1858-ஆம் ஆண்டு விக்டோரியா ராணியின் பிரகடனம். கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி வந்ததை அலகாபாத்தில் கானிங் பிரபு வாசித்து அறிவித்தார். பக்கத்தில் நடந்ததற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

உங்களுக்கு நவம்பர் 1 வாய்த்துவிட்டது. அன்று நம் பக்கத்தில் அப்படி என்னதான் நடந்தது?

1956 நவம்பர் 1, வியாழக்கிழமை. மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தியாவின் வரைபடம் 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளுமாகப் புதிதாக வரையப்பட்டது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது. மலபாரையும் காசர்கோட்டையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் கேரளம் பிறந்தது. ஆந்திரப் பிரதேசமும் அதே நாளில்தான்.

குழித்துறை விளவங்கோடு தாலுகாவில் இருக்கிறது. ஆகவே முதல் நாள் இரவு திருவிதாங்கூர்–கொச்சியில் படுத்த எங்கள் தாத்தா, மறுநாள் காலை அதே பாயில் சென்னை மாநிலத்தில் எழுந்தார். இதை ஆண்டுதோறும் சொல்கிறோம். ஆண்டுதோறும் சிரிப்பு வருகிறது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய நீண்ட போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் அந்த இரவுக்குப் பின்னால் இருக்கின்றன. அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

அன்று காலை பாறசாலைப் பள்ளிகளில் கேரளப் பிறவிக்காகப் பிள்ளைகள் கசவு முண்டு உடுத்திப் போகிறார்கள். இந்தப் பக்கம் நேசமணி சிலைக்கு மாலை விழுகிறது. பத்து கிலோமீட்டருக்குள் இரண்டும் நடக்கின்றன. பிறந்தநாள்காரர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி இரண்டையும் பார்த்துவிடலாம்.

எங்கே தேடுவது? வாட்ஸ்அப்பில் "வரலாற்றில் இன்று" என்று வருகிறதே, அதை வாசித்தால் போதாதா?

அது தொடக்கம், முடிவு அல்ல. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே பிடித்ததை எடுத்து, அந்த நிகழ்ச்சிக்கென்றே உள்ள கட்டுரையிலோ நூலிலோ தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்தில் ஒத்துப்போகாத எதையும் நாங்கள் வாசிப்பதில்லை.

கிழமை பார்ப்பது ஒரு சுலபமான சோதனை. 1956 நவம்பர் 1 வெள்ளிக்கிழமை என்று ஒரு செய்தி வந்தால், எழுதியவர் காலண்டரைப் புரட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கிழமையில் சறுக்கியவர் மற்றவற்றிலும் சறுக்கியிருப்பார்.

எங்கள் வகுப்பில் மொத்தமே முப்பது பேர். அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள். இது ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்தானே?

பந்தம் இருக்கட்டும்; கணக்கு வேறு சொல்கிறது. 23 பேர் கூடினாலே யாராவது இருவருக்கு ஒரே தேதி அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. முப்பது பேரில் அது ஏறக்குறைய 70 சதவீதம், 57 பேரில் 99 சதவீதம். நம் மனம் "என்னோடு யார் ஒத்துப்போகிறார்" என்று மட்டும் எண்ணுகிறது. உண்மையில் ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட வேண்டும். 23 பேரில் அப்படி 253 ஜோடிகள் தேறுகின்றன.

உங்களுடைய தேதியையே உடைய ஒருவர் வேண்டும் என்றால் கதை மாறுகிறது. பாதி வாய்ப்புக்கே 253 பேர் வேண்டும். எங்களுக்கு ஐந்தாவது ஆள் கிடைக்க ஏன் அத்தனை நாளாயிற்று என்பது இதிலிருந்து விளங்கும்.

சினிமாக்காரர்கள், கிரிக்கெட்காரர்கள் பிறந்தநாளையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒன்றோடு நிறுத்திக்கொண்டால். பெயர்ப் பட்டியலில் கதை இருக்காது. நவம்பர் 1-ல் பிறந்த வி.வி.எஸ். லட்சுமணன் (1974) பெயரைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஐஸ்வர்யா ராய் 1973 நவம்பர் 1 அன்று மங்களூரில் பிறந்தார், மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் அதே நாளில்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மறைந்த நாளும் பேசத் தகுந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் மறைந்தது 1959 நவம்பர் 1. அதை வாசித்த ஆண்டு சித்தப்பா தூங்கவில்லை, பாடினார். அக்டோபர் 2-ல் பிறந்தவர்களுக்கு இன்னும் வளம்: காந்தி (1869), லால் பகதூர் சாஸ்திரி (1904) இருவரும் பிறந்த நாள், காமராஜர் (1975) மறைந்த நாள்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்குமே?

மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லி, அதில் ஒன்றின் தேதியை மட்டும் பொய்யாக வையுங்கள். பொய்யைப் பிடிப்பவருக்கு முதல் துண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் வாரமே ரகசியமாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

உங்கள் சித்தி கேரளத்தில் இருக்கிறார். அங்கே நட்சத்திரம் பார்த்துத்தானே பிறந்தநாள்? பிறகு எப்படி நவம்பர் 1?

நல்ல கேள்வி. சித்தியின் புகுந்த வீட்டில் துலாம் மாதத்தில் அவருடைய நட்சத்திரம் வரும் நாள்தான் பிறந்தநாள். கோயிலில் அர்ச்சனை, மதியம் இலை போட்டுச் சோறு, பாயசம். நாம் ஐப்பசி என்பதை அவர்கள் துலாம் என்கிறார்கள், மாதம் ஒன்றுதான். நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இருமுறை வந்துவிடும். அப்போது பெரும்பாலும் பின்னால் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, சித்திக்கு ஆண்டில் இரண்டு பிறந்தநாள். சரித்திரம் பேசுவது ஆங்கிலத் தேதிக்கு மட்டும். ஆனால் 19 ஆண்டுக்கு ஒருமுறை சந்திரனும் சூரியனும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து சேர்வதால், 19, 38, 57 ஆகிய வயதுகளில் நட்சத்திரமும் தேதியும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ கூடிவிடும். சித்தியின் 57-ஆம் பிறந்தநாளில் அப்படிக் கூடியது. காலையில் அர்ச்சனை, மாலையில் லிஸ்பன் நிலநடுக்கம்.

பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, அம்மா சொல்வது வேறு தேதி. எதை எடுத்துக்கொள்வது?

அம்மா சொல்வதை. ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்கு வாத்தியார் கையால் பிறந்த தேதிகள் நம் ஊரில் ஏராளம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் தம்பி நால்வரும் மே மாதத்தில் பிறந்தவர்கள், காகிதத்தில். ஓய்வூதியத்துக்கு அந்தத் தேதி இருக்கட்டும், கொண்டாட்டத்துக்கு வேண்டாம்.

அம்மாவுக்கும் தேதி நினைவில்லை, மாதமும் நட்சத்திரமும் மட்டும் தெரியும் என்றால், பிறந்த ஆண்டின் பழைய பஞ்சாங்கத்தில் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். இப்படித் தேடிப் பிடித்ததில் எங்கள் ஐவரில் ஒருவர் நவம்பர் 1-க்கு வந்து சேர்ந்தார். அறுபது வயது வரை அவர் ஜூன் மாதத்துக்காரராக வாழ்ந்தவர்.

நான் பிறந்தது நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிக்கு. பாட்டி முந்தைய நாள் என்கிறாள், ஆஸ்பத்திரிச் சீட்டு அடுத்த நாள் என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. நம் மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். பாட்டி பஞ்சாங்கத்தின்படி பேசுகிறார், ஆஸ்பத்திரி கடிகாரத்தின்படி. பாரதியாருக்கே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து 12-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணியளவில் அவர் மறைந்தார். மகாகவி நாள் என்று தமிழ்நாட்டு அரசு கடைப்பிடிப்பது செப்டம்பர் 11.

உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் எந்தத் தேதியில் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாகப் பிறந்த இரட்டையர்கள் ஒருமுறை வந்து கேட்டார்கள். ஆளுக்கொரு தேதியை எடுத்துக்கொண்டு, விளக்கணைக்காமல் இரண்டு நாளும் கொண்டாடச் சொன்னேன். அவர்கள் அம்மா என்னை முறைத்தார்.

அமெரிக்காவில் நடந்தது அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதி. எதன்படி வாசிப்பது?

நடந்த இடத்தின் தேதிதான் வழக்கம். ஆனால் நம் ஊர்த் தேதியையும் கையில் வைத்திருங்கள். சில நேரம் அதுதான் சுவை. நிலவில் மனிதன் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். நம் கடிகாரத்தில் அது ஜூலை 21 காலை 8.26. ஜூலை 21-ல் பிறந்த ஒருவர் அதைத் தன் பங்குக்குக் கேட்டால் மறுக்க எனக்கு மனமில்லை.

நிலவில் எந்த நேரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தயாராக இருங்கள்.

குளச்சல் போர் ஜூலை 31 என்று ஒரு நூலில், ஆகஸ்ட் 10 என்று இன்னொன்றில். என் பிறந்தநாள் ஜூலை 31. போர் எனக்கு உண்டா, இல்லையா?

மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக் கம்பெனியை வென்ற ஆண்டு 1741, அதில் குழப்பமில்லை. தேதிதான் இரண்டாக நிற்கிறது. இதற்குப் பழைய காலண்டர், புதிய காலண்டர் வேறுபாட்டைக் காரணம் சொல்வது வழக்கம். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று அறிவித்து 11 நாளைத் தாண்டிக் குதித்தார்கள். ஆனால் ஜூலை 31-க்கும் ஆகஸ்ட் 10-க்கும் இடையில் இருப்பது 10 நாள்தான். ஒரு நாள் இடிக்கிறது. ஆகவே காலண்டர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது.

மேலே சொன்ன "இரண்டு இடத்தில் ஒத்துப்போக வேண்டும்" என்ற விதியை இங்கே கொஞ்சம் தளர்த்துகிறேன்: இரண்டு தேதிகளையும் சொல்லிவிட்டு வாசியுங்கள். ஜூலை 31-க்காரரும் ஆகஸ்ட் 10-க்காரரும் சேர்ந்தே கொண்டாடலாம். தோற்ற பக்கத்துத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூரின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பிறந்தநாள் அன்று மாலை போய் வர நல்ல இடம்.

பிப்ரவரி 29-ல் பிறந்தவள் நான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட வேண்டுமா?

மற்ற மூன்று ஆண்டுகளிலும் 28 மாலை கூடுங்கள். உங்கள் தேதிக்கு நிகழ்ச்சிகள் குறைவு, ஆட்கள் அருமை. மொரார்ஜி தேசாய் (1896), மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் (1904) இருவரும் உங்கள் கட்சி. 1900 லீப் ஆண்டு இல்லை என்பதால் மொரார்ஜிக்கு முதல் பிப்ரவரி 29 கிடைத்தது எட்டு வயதில். அதே நாளில் ருக்மிணி தேவி பிறந்தார்.

எங்கள் தம்பிக்கு டிசம்பர் 26. சுனாமி நாள். கொண்டாடவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கடற்கரையில் இதைக் கேட்காத வீடு குறைவு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று வரிசையாகப் போயிற்று. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. அந்த ஊர்களில் அன்று காலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி எரியும். மாலையில் அதே தெருவில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது முடியும். இரண்டும் நடக்கத்தான் செய்கின்றன.

குளச்சலில் ஒரு வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். முதலில் சுனாமியைச் சொல்லி, அந்தத் தெருவில் போனவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. அதன் பின் அதே தேதியில் 1924-ல் பிறந்த தோழர் நல்லகண்ணுவைப் பற்றி அந்த வீட்டுத் தாத்தா பேசுகிறார். கேக் இல்லை, ஏத்தன்பழமும் சுக்குக் காப்பியும். தம்பிக்கு வயது கூடியதை யாரும் மறைப்பதில்லை. துக்கத்தை விட்டுவிட்டு நல்லதை மட்டும் பொறுக்கி வாசித்தால் அந்தத் தெருவில் அடுத்த நாள் தலை காட்ட முடியாது.

நவம்பர் 1 உங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் விடுபட்ட தமிழர்களுக்கு? சித்தி முன்னால் அதை எப்படி வாசிக்கிறீர்கள்?

இதைக் கேட்டவர் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர், என் முகத்துக்கு நேராகவே. பாறசாலை இருப்பது நெய்யாற்றின்கரை தாலுகாவில். தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராடியவர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் உண்டு. கிடைத்தவை நான் மேலே சொன்ன நான்கும் செங்கோட்டையும். இந்தப் பக்கம் நாங்கள் இணைந்த நாள் என்று சொல்லும் அதே தேதி, அங்கே சிலருக்கு விடுபட்ட நாள். மலையாளிகளுக்கோ தங்கள் மாநிலம் பிறந்த நாள்.

முதல் இரண்டு ஆண்டு நான் இதைத் தாண்டிப் போய்விட்டேன். மூன்றாம் ஆண்டு சித்தியே அந்தத் தாலுகாப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், விரல் மடக்கி. இப்போது 1956-ஐ வாசிப்பது அவர் பொறுப்பு. தமிழில் தொடங்கி, மருமகளுக்காகப் பாதியை மலையாளத்தில் சொல்லி முடிப்பார். இணைந்தவை, விடுபட்டவை, பிறந்தவை என்று மூன்றையும் அவர் சொல்வதால் சண்டை வந்ததில்லை. நான் சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ?

2019-ல் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021-ல் ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்று அறிவிப்பு வந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18 அன்று. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. எது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஜூலை 18-ல் பிறந்த என் நண்பருக்கு வாசிக்க நல்ல செய்தி கிடைத்தது என்பதோடு எனக்குத் திருப்தி.

எங்கள் தேதியில் எதுவுமே நடந்ததாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

நடக்காத தேதி கிடையாது. நீங்கள் தூரத்தில் தேடுகிறீர்கள். ஊரில் சுவரில் பதித்த கற்களைப் பாருங்கள். பாலம், பள்ளி, ஆலயம், கிணறு, பஸ் நிழற்குடை என்று எல்லாவற்றிலும் அடிக்கல்லோ திறப்புக் கல்லோ இருக்கும். அதில் தேதி இருக்கும். எங்கள் தெரு வாசகசாலையின் கல் நான்கு முறை வெள்ளையடித்ததில் மூடிப்போயிருந்தது. தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்ததில் முதலில் "ஐப்பசி" என்ற சொல் தெரிந்தது, பிறகு கொல்லம் ஆண்டின் இரண்டு இலக்கம். மீதி இரண்டையும் சுண்ணாம்பு விடவில்லை. ஐப்பசி 15 அல்லது 16 என்றால் எங்களுக்கு அடித்தது யோகம். அதுதான் நவம்பர் 1 விழும் இடம்.

இந்த நவம்பரில் சித்தி வரும்போது பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் வினிகர் பாட்டிலையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வயணை இலையில் அவித்த தெரளிக் கொழுக்கட்டை வழக்கம்போல அவர் பொறுப்பு. கல்லைத் துலக்கிவிட்டுத்தான் கை கழுவி அதை எடுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.